பிபிசி மைக்ரோ எமுலேட்டர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சித்தப்பா, இது சரிப்படாது. அந்த இன்னொண்ணுதான் நிஜ மெஷின் மாதிரி ஓடுது.”

பாளையங்கோட்டையில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு சாயங்காலம் இப்படித் தீர்ப்புச் சொன்னான். அவன் ஒப்பிட்டது இரண்டு பிபிசி மைக்ரோ எமுலேட்டர்களை. அதாவது, பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினி மாதிரியே இன்றைய கணினியில் நடிக்கும் இரண்டு மென்பொருள்களை. ஓட்டிப் பார்த்தது, எங்கள் கணக்கு சார் 80-களின் கடைசியில் பள்ளிக்கூட மெஷினில் எழுதிய ஒரு நிரலை. பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற வரைக்கும் தாமிரபரணியைக் கோடாக வரையும். நடுநடுவே நிறுத்தி, பாபநாசம் அணை எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று கேட்கும். 143, 118 என்று சரியாக அடித்தால்தான் ஆறு மேற்கொண்டு ஓடும்.

சார் வீடு சிந்துபூந்துறையில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வைத்திருந்த ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள் எல்லாம் சேற்றில் ஊறிப்போயின. அதற்கு முன்பே கோப்புகளாக எடுத்து வைத்திருந்த சில டிஸ்க்குகள் மட்டும் மிச்சம். பள்ளிக்கூடத்து மெஷின் எப்போதோ போய்விட்டது. இனி அந்த நிரல் ஓட வேண்டுமென்றால் எமுலேட்டரில்தான் ஓட வேண்டும். அதனால் எது நல்ல எமுலேட்டர் என்பதை அவசரப்பட்டு முடிவுசெய்ய எனக்கு மனமில்லை.

மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் கொண்டுவந்தது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சிப், மாடல் பி என்றால் 32 கேபி நினைவகம். 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டம் மூலம் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. இன்றைக்கு அதற்கு பீப்எம், பி-எம், பி2, பீப்ஜிட், பிரவுசரிலேயே ஓடும் ஜேஎஸ்பீப் என்று பல எமுலேட்டர்கள் இருக்கின்றன.

முதல் தவறு, நான் பார்த்தவரை பெரிய தவறும் இதுதான்: இரண்டு எமுலேட்டர்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வேறு மெஷின்களை ஒப்பிடுவது. பையன் செய்தது இதைத்தான். முதல் எமுலேட்டரில் நிரல் தொடங்கியதுமே ‘பேட் மோடு’ என்று சொல்லி நின்றுவிட்டது. இரண்டாவதில் ஆறு அழகாக ஓடியது. உடனே முதலாவது மட்டம் என்று முடிவுகட்டினான். இரண்டிலும் ‘பிரிண்ட் பேஜ்’ என்று அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் 6400 வந்தது, மற்றதில் 3584.

பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் நினைவகத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் பேஜ். கேசட் மட்டும் உள்ள மாடல் பி-யில் அது 3584. டிஸ்க் டிரைவைக் கையாளும் டிஎஃப்எஸ் மென்பொருள் இருக்கும் ரோம் சிப்பைப் போட்டால், அது தன் வேலைக்கென்று ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பேஜை 6400-க்குத் தள்ளிவிடும். மோடு என்பது திரையின் வகை. சாரின் நிரல் மோடு 1 திரையைக் கேட்கிறது. அந்தத் திரைக்கே 20 கேபி போய்விடும், 12288-லிருந்து மேலே எல்லாம் திரையின் சொத்து. மிச்சம் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். கேசட் மெஷினில் 8704 பைட், டிஸ்க் மெஷினில் 5888 பைட். நிரலின் நீளம் 6700 பைட்டுக்குக் கொஞ்சம் மேலே. டேப் ரெக்கார்டர் மட்டும் இருந்த காலத்தில் சார் எழுதியது அது. பிற்பாடு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கேட்ட திரைக்கு இடம் போதாவிட்டால் வரும் செய்திதான் ‘பேட் மோடு’. ஆக, முதல் எமுலேட்டர் சொன்னது தவறே இல்லை. டிஸ்க் டிரைவுள்ள நிஜ மாடல் பி-யும் அதையேதான் சொல்லியிருக்கும். இரண்டாவது எமுலேட்டரில் மாஸ்டர் 128 தேர்வாகியிருந்தது. 1986-ல் வந்த அந்த மாடலில் டிஸ்க் இருந்தாலும் பேஜ் 3584-தான். இதையே திருப்பிப் போட்டும் ஏமாறலாம். மாஸ்டரில் இருக்கும் சிப் 6502-ன் பிற்கால வகை. பழைய சிப்பில் கையேட்டில் இல்லாத சில கட்டளைகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்திய விளையாட்டுகள் மாஸ்டரில் தடுமாறும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது எமுலேட்டரைக் குறை சொன்னால் அதுவும் நியாயமில்லை. அதனால் முதலில் மாடல், டிஎஃப்எஸ் உண்டா இல்லையா, எந்த பேசிக், வெளியிலிருந்து கூடுதலாகச் சேர்க்கும் இரண்டாம் பிராசசர் அணைந்திருக்கிறதா என்று நாலையும் இரண்டு பக்கமும் ஒன்றாக்கிவிடுங்கள். ஒப்பிடுவது அதற்கு அப்புறம்.

வேகத்தை அளப்பதில் நடக்கும் பிழையும் இதே அளவு ஆழமானது. பேசிக்கில் ‘டைம்’ என்று ஒரு மாறி உண்டு. நொடிக்கு 100 வீதம் ஏறிக்கொண்டே போகும். ஒரு லூப்பை ஓட்டி, முன்னும் பின்னும் ‘டைம்’ பார்த்து, இரண்டு எமுலேட்டரும் ஒரே வேகம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடிகாரம் எமுலேட்டருக்கு உள்ளே இருக்கிறது. உங்கள் லேப்டாப் திணறி எமுலேட்டர் பாதி வேகத்தில் போனால், அந்தக் கடிகாரமும் பாதி வேகத்தில்தான் போகும். கணக்கு எப்போதும் சரியாகவே வரும். வெளியே இருக்கும் கடிகாரம் வேண்டும். கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கும் அதே நொடியில் ‘டைம்=0’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ‘பிரிண்ட் டைம்’ 30000-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 28500 என்று வந்தால் நூற்றுக்கு ஐந்து மெதுவாகப் போகிறது. கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

திரை தடவித் தடவி நகர்கிறது என்ற புகாரையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிபிசி மைக்ரோ நொடிக்கு 50 முறை படம் அனுப்பும், அன்றைய நம் டிவியும் அதே 50. இன்றைய லேப்டாப் திரைகளில் பெரும்பாலானவை 60. ஐம்பதை அறுபதுக்குள் அடைத்தால் சில படங்கள் இரண்டு முறை வரும், நகர்வில் சின்ன உதறல் தெரியும். அது எமுலேட்டரின் குற்றமில்லை. இரண்டையும் ஒரே திரையில், முடிந்தால் 50-க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்புவதையும் விட்டுவிடுங்கள். சார் தமிழ் எழுத்துகளை எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துச் செய்திருக்கிறார். ‘ணை’ போன்ற எழுத்துக்கு இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறார். நாலுக்கு மூன்று என்ற அளவில் பார்த்தால் அது கையெழுத்து மாதிரி அத்தனை இலட்சணம். இழுத்து நிரப்பினால் நசுங்கிய சோளப்பொரி.

மோடு 7 தனி விஷயம். வெறும் 1 கேபி பிடிக்கும் அந்தத் திரையை எஸ்ஏஏ5050 என்ற டெலிடெக்ஸ்ட் சிப் (டிவியில் எழுத்துப் பக்கங்களைக் காட்டும் முறைக்கானது) வரைகிறது. எழுத்தின் முனைகளை மழுக்கி வழவழப்பாகக் காட்டுவது அந்தச் சிப்பின் வேலை. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லா எமுலேட்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரட்டை உயர எழுத்து, மின்னும் எழுத்து, இடைவெளி விட்ட கட்டப் படம் மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கோப்பு. ஒரு பக்க டிஸ்க்கை அப்படியே கோப்பாக எடுத்த படிமம் எஸ்எஸ்டி, இரண்டு பக்கமானால் டிஎஸ்டி. இரண்டு பக்கக் கோப்புக்கு எஸ்எஸ்டி என்று பெயர் மாறிப்போயிருந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். கோப்புகளின் பட்டியல் சரியாக வரும், ஆனால் கோப்பைத் திறந்தால் குப்பை. பட்டியல் முதல் டிராக்கில் இருப்பதால் அது தப்பிவிடுகிறது. அதன் பிறகு இரண்டு பக்கத்து டிராக்குகளும் மாறி மாறி வருவதால் எல்லாம் குழம்பிவிடும். 80 டிராக் ஒரு பக்கம் முழுசாக இருந்தால் 204800 பைட். கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் பெயரைச் சந்தேகியுங்கள். அன்றைய கம்பெனிகள் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டிய டிஸ்க்குகளை எஸ்எஸ்டி-யில் அடைக்கவே முடியாது. அப்படி எடுத்த கோப்பு ஓடவில்லை என்றால் எமுலேட்டர் என்ன செய்யும்?

கீபோர்டும் சத்தமும் சின்ன விஷயங்கள், ஆனால் அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கித் தரும். தமிழ் தட்டச்சு ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். பிபிசி-யில் மேற்கோள் குறி ஷிஃப்ட்டும் 2-ம் சேர்ந்தது. சாவியின் இடத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். புளூடூத் இயர்போனில் சத்தம் தாமதமாகத்தான் வரும், வயர் போட்டுக் கேளுங்கள். பிரவுசரில் சத்தமே வராவிட்டால் பக்கத்தில் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். பிரவுசர் தானாகச் சத்தம் போடாது.

சரி, துல்லியத்தை எதில் சோதிப்பது? 1984-ல் வந்த எலைட் விளையாட்டு நல்ல உரைகல். ஒரே திரையில் மேல்பாதியை இரண்டு நிறத்திலும் கீழ்ப்பாதியை நாலு நிறத்திலும் காட்டும். படம் வரைந்துகொண்டிருக்கும்போதே டைமர் வைத்துத் திரையின் முறையை மாற்றுகிறார்கள். பிரிகிற கோடு பல வரி இறங்கி வந்தால் எமுலேட்டரின் டைமர் கணக்கு சரியில்லை. ஆனால் அந்த ஒரு விளையாட்டோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். சாரின் நிரல் போன்ற பேசிக் நிரலுக்கு அவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. அதற்கு ஜேஎஸ்பீப் போதும், எதையும் நிறுவ வேண்டாம். இரண்டாம் பிராசசர் வகைகளைப் பார்க்க ஆசைப்பட்டால் பி-எம். நிரலை வரிவரியாகப் பிரித்துப் பார்க்க பி2. எனக்குப் பழக்கம் பீப்எம், 1994-ல் யூனிக்ஸுக்காகத் தொடங்கியது. எதை எடுத்தாலும் இன்றைய பதிப்பை எடுங்கள், பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பை வைத்துக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அண்ணன் மகன் சாரின் நிரலில் புதிதாகச் சேர்வலாறு அணையைச் சேர்த்தான். மூன்று ராத்திரி வேலை. அதை எமுலேட்டரின் ‘சேவ் ஸ்டேட்’ கோப்பாக, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்த கோப்பாக மட்டும் வைத்திருந்தான். மற்ற எமுலேட்டரில் அது திறக்கவே இல்லை. அந்தக் கோப்பு அதை உண்டாக்கிய எமுலேட்டருக்கு மட்டுமே புரியும். திரும்பப் பழையதில் திறந்து, பேசிக்கிலேயே ‘சேவ்’ கொடுத்து, காலி எஸ்எஸ்டி ஒன்றில் எழுதிக்கொண்டோம். இப்போது எல்லா எமுலேட்டரிலும் சேர்வலாறு வருகிறது.