ஏழாம் வகுப்பில் சிரிப்பு வெடித்தால்

ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு சின்ன உளறல் போதும், 40 நிமிடப் பீரியடில் பத்து நிமிடம் போய்விடும். மேசையைத் தட்டி அடக்கினால் இன்னும் மோசம். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கும், அது பக்கத்து பெஞ்சுக்குத் தொற்றும், ஐந்து நிமிடம் கழித்துக் காரணமே இல்லாமல் மறுபடி வெடிக்கும்.

முதல் 15, 20 விநாடி விட்டுவிடுங்கள். நீங்களும் சிரிக்கலாம். சத்தம் தணியத் தொடங்கும்போது பேசுங்கள், அப்போதும் திட்டாமல் ஒரு வேலை சொல்லுங்கள்: "நோட்டை எடு, இதை எழுது." கைக்கு வேலை வந்தால் வாய் அடங்கும்.

சிரிப்பு விடையைப் பார்த்து வந்ததா, ஆளைப் பார்த்து வந்ததா என்பதைக் கவனியுங்கள். விடை என்றால் விடாதீர்கள், அதுதான் பாடம். 210 மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள், ஒரு பேருந்தில் 50 பேர், எத்தனை பேருந்து? பலகையில் 4.2 என்று வரும். "அந்த 0.2 பஸ்ஸுக்கு டிரைவர் உண்டா?" என்று கேளுங்கள். "கடைசி பெஞ்ச் அதுல வரும் சார்" என்று ஒருவன் சொல்வான். சொல்லட்டும். அதற்குள் இன்னொருத்தி 0.5க்குக் கீழே என்பதால் 4 என்று முழுமையாக்கியிருப்பாள். அப்படியென்றால் 10 பேர் பள்ளி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். விடை 5. சூடு ஆறுவதற்குள் தலைகீழான கணக்கைக் கொடுங்கள்: தட்டுக்கு 30 முட்டை, 140 முட்டையில் எத்தனை தட்டு முழுதாக நிறையும்? 4.67 வரும், விடை 4. தசமத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் கணக்கில் வரும் பொருள்தான் முடிவு செய்கிறது என்று அன்றைக்குப் புரிந்தால் பிறகு மறக்காது. 4.2 எழுதிய பையனையே இதைச் செய்யச் சொல்லுங்கள். கைதட்டலும் அவனுக்கே போகட்டும்.

ஆளைப் பார்த்து வந்த சிரிப்பில் நீங்கள் சேரக் கூடாது. எட்டாம் வகுப்பில் உரக்க வாசிக்கும்போது பையனுக்குக் குரல் உடையும். "போதும், உட்கார்" என்றால் அவமானம் இரட்டிப்பாகும். "அடுத்த வரியிலிருந்து அந்த வரிசை முழுக்கச் சேர்ந்து வாசியுங்கள்" என்றால் அவன் குரல் கூட்டத்தில் கலந்துவிடும். யாரோ காற்று விட்டுவிட்டால் ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டுவிட்டு நடத்துங்கள். "யாரது?" என்று மட்டும் கேட்காதீர்கள், பத்துப் பேர் பத்துப் பேரைக் காட்டுவார்கள்.

வளரிளம் பருவப் பாடத்தில் சிரிப்பு வந்தே தீரும். கூச்சம் தரும் சொற்களை முதலிலேயே பலகையில் எழுதி, எல்லோரையும் மூன்று முறை உரக்கச் சொல்ல வையுங்கள். முதல் முறை கூத்தாக இருக்கும், மூன்றாவதில் பெரும்பாலும் சலித்துவிடும். சந்தேகங்களைப் பெயரில்லாத துண்டுச் சீட்டில் வாங்குங்கள். சீட்டுகளை நீங்கள் மட்டும் பிரித்துப் பாருங்கள். குறும்புச் சீட்டு குறைந்தது இரண்டு வரும்.

ஆசிரியர் அறையில் இவற்றைச் சொல்லிச் சிரிக்கும்போது பிள்ளையின் பெயரை விட்டுவிடுங்கள். நோட்டு அடுக்க வந்த மாணவன் காதில் விழுந்தால், மதிய இடைவேளைக்குள் அது பட்டப்பெயராகிவிடும்.