உங்கள் ஜிஎம்ஆர்எஸ் ரேடியோவுக்குச் சான்று இருக்கிறதா? நீங்களே சரிபார்க்கும் முறை

குடும்பத்தினர் வாக்கி டாக்கியிலும் கார் ரேடியோவிலும் பேசிக்கொள்ள அமெரிக்காவில் உள்ள வானொலிச் சேவை ஜிஎம்ஆர்எஸ். அதற்கு உரிமம் எடுப்பது சுலபம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கட்டணம் 35 டாலர். தேர்வு கிடையாது. 10 ஆண்டுகள் செல்லும். ஒருவர் எடுத்தால் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார் எல்லோரும் அதே அழைப்புக்குறியில் பேசலாம். உரிமம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, கிடைத்த வாக்கி டாக்கியில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தவறு நடப்பது அங்கேதான்.

உரிமம் என்பது ஆளுக்கு. சான்று என்பது கருவிக்கு. இரண்டும் தேவை. வானொலியை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க ஆணையமான எஃப்சிசியின் விதிகளில் 95.335 எண்ணுள்ள பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: சான்று பெறாத கருவியில் பேசினால், அந்த நிலையத்தை இயக்க உங்களுக்கு இருந்த அனுமதியே செல்லாமல் போகும். அதாவது, 35 டாலர் கட்டி எடுத்த உரிமம் அந்தக் கருவியைப் பிடித்துப் பேசும் நேரத்தில் உங்களுக்குத் துணை நிற்காது.

சான்றைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். ரேடியோ, ஒரு கைவிளக்கு, இணைய இணைப்பு இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எஃப்சிசி ஐடியைக் கண்டுபிடியுங்கள்

கையில் பிடிக்கும் ரேடியோ என்றால் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டிக்கர் பெரும்பாலும் அதன் அடியில் இருக்கும். காரில் பொருத்தும் ரேடியோவில் அடித்தகட்டிலோ பின்புறத்திலோ ஒட்டியிருப்பார்கள். திரை உள்ள சில கருவிகளில் ஸ்டிக்கருக்குப் பதிலாக மெனுவுக்குள் காட்டவும் அனுமதி உண்டு. அப்படியானால் மூன்று அழுத்தங்களுக்குள் அந்தப் பக்கம் வந்துவிட வேண்டும் என்பது விதி.

ஐடி இரண்டு துண்டுகள் கொண்டது. முதல் துண்டு தயாரிப்பாளரின் குறியீடு: எழுத்தில் தொடங்கினால் 3 இடங்கள், எண்ணில் தொடங்கினால் 5 இடங்கள். மீதி எல்லாம் அந்தப் பொருளின் குறியீடு. நடுவில் சிறு கோடு இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில 'ஓ' எழுத்தும் பூஜ்யமும், ஆங்கில 'ஐ' எழுத்தும் ஒன்றும் ஸ்டிக்கரில் ஒன்றுபோலவே தெரியும். தேடலில் எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான்.

பெட்டியின்மேல் வெறுமனே எஃப்சிசி சின்னம் அச்சிட்டிருப்பதை ஐடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சின்னம் கம்ப்யூட்டர் மவுஸிலும் இருக்கும், சார்ஜரிலும் இருக்கும். ஜிஎம்ஆர்எஸ் பட்டையில் ஒலிபரப்பும் கருவிக்கு ஐடி கட்டாயம். ஸ்டிக்கரிலும் மெனுவிலும் ஐடியே இல்லாத ரேடியோ என்றால் சோதனையை இங்கேயே நிறுத்திவிடலாம். அதை வாங்க வேண்டாம்.

படி 2: சான்றுத் தாளைத் திறங்கள்

எஃப்சிசி இணையதளத்தில் ஐடி தேடும் பக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு கட்டங்கள் இருக்கும்: முதலாவதில் தயாரிப்பாளர் குறியீடு, இரண்டாவதில் மீதி. பொருள் குறியீட்டில் ஐயம் இருந்தால் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பித் தேடுங்கள். அந்தத் தயாரிப்பாளர் வாங்கிய சான்றுகள் எல்லாம் பட்டியலாக வரும். அதில் உங்களுடையதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஒரே ஐடிக்குப் பல வரிசைகள் வந்தால் குழம்ப வேண்டாம். தயாரிப்பாளர் கருவியில் சில மாற்றங்களைச் செய்யும்போது அதே ஐடியிலேயே மறுபடி சான்று வாங்குவார். அதனால் தேதி வரிசைப்படி எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். முதல் சான்றில் இல்லாத விதிப் பிரிவு பிந்தைய சான்றில் சேர்ந்திருக்கலாம்.

ஒவ்வொரு வரிசையிலும் சான்றைக் காட்டும் இணைப்பு ஒன்றும், இணைப்பு ஆவணங்களைக் காட்டும் இணைப்பு ஒன்றும் இருக்கும். இரண்டையும் திறங்கள். சான்று ஒரு பக்கத் தாள்தான். ஆவணங்களில் வெளிப்படம், உட்படம், சோதனை அறிக்கை, பயனர் கையேடு முதலியவை இருக்கும். வெளிப்படத்தை உங்கள் கையில் உள்ள ரேடியோவோடு ஒப்பிடுங்கள். பொத்தான்களின் இடம், ஆன்டெனா பொருத்தும் விதம், பேட்டரியின் வடிவம் இவை பொருந்தவில்லை என்றால் வேறொரு கருவியின் ஐடியை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

படி 3: தாளை வரிவரியாகப் படியுங்கள்

முழுச் சோதனையிலும் முக்கியமான இடம் இதுதான். அவசரப்படாமல் படியுங்கள். தாளின் நடுவில் ஒரு சிறு அட்டவணை இருக்கும்.

*விதிப் பிரிவு.* இங்கே 95ஈ என்று இருந்தால் ஜிஎம்ஆர்எஸ்; கடைசி எழுத்து ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்து. 95ஏ என்று முதல் எழுத்தோடு இருந்தால் அதுவும் ஜிஎம்ஆர்எஸ்தான். 2017-இல் விதிகளைத் திருத்தி அடுக்குவதற்கு முன் ஜிஎம்ஆர்எஸ் அந்த உட்பிரிவில்தான் இருந்தது. அந்தப் பழைய சான்று இன்றும் செல்லும். 95பி மட்டும் இருந்தால் அது உரிமம் தேவைப்படாத எஃப்ஆர்எஸ் கருவி. பொதுச் சேனல்களில் அதை வைத்து ஜிஎம்ஆர்எஸ் ஆட்களோடு பேசலாம், தப்பில்லை. ரிப்பீட்டருக்குள் (உங்கள் குரலை வாங்கி, தூரத்துக்கும் கேட்கும்படி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) மட்டும் நுழைய முடியாது.

15பி என்பது பலரையும் ஏமாற்றுகிற வரி. அது கேட்கும் பகுதிக்கான அனுமதி. 15பி மட்டுமே உள்ள ரேடியோவை வைத்துக் கேட்கலாம். ஜிஎம்ஆர்எஸ்ஸில் பேசக் கூடாது. அமெச்சூர் (ஹாம்) வானொலிக்கென விற்கப்படும் மலிவான கைக்கருவிகள் பலவற்றின் நிலை இதுதான். 90 என்பது நிறுவனங்கள், காவல்துறை, தீயணைப்பு போன்றவற்றுக்கான தரைவழி வானொலி. பழைய வணிக ரேடியோக்களில் சில 90, 95ஏ இரண்டுக்கும் சேர்த்தே சான்று பெற்றவை. அப்படி இரண்டும் அச்சாகியிருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

*அலைவரிசை வீச்சு.* 462.55 முதல் 462.725 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு வரி இருக்கும். ரிப்பீட்டருக்குள் நுழையும் கருவி என்றால் 467.55 முதல் 467.725 வரை இன்னொரு வரியும் 95ஈ-க்கு எதிரில் இருக்க வேண்டும். 467.5625 முதல் 467.7125 வரை மட்டும் அரை வாட்டுக்கு இருந்தால் அது 8 முதல் 14 வரையுள்ள சேனல்கள். அதில் ரிப்பீட்டர் வசதி கிடையாது.

*வாட்.* பெட்டியில் 8 வாட், 10 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். தாளில் 4 சொச்சம் இருக்கும். நம்ப வேண்டியது தாளைத்தான். விதி தரும் உச்ச அளவுகள்: 15 முதல் 22 வரையுள்ள சேனல்களிலும் ரிப்பீட்டருக்கான உள்ளீட்டிலும் 50 வாட்; 1 முதல் 7 வரை 5 வாட்; 8 முதல் 14 வரை அரை வாட். முதல் அளவு ரேடியோவிலிருந்து வெளிவரும் திறன். மற்ற இரண்டும் ஆன்டெனா சக்தியைக் குவிப்பதால் வரும் பெருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வீச்சுத் திறன். அதனால் 1 முதல் 7 வரையுள்ள சேனல்களில் 5 வாட் ரேடியோவில் பெருக்கம் மிகுந்த ஆன்டெனாவை மாட்டினால் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

*உமிழ்வுக் குறியீடு.* 16கே0எஃப்3ஈ என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். 'கே' எழுத்து தசமப் புள்ளியின் இடத்தில் நிற்கிறது; ஆக ஒலிபரப்பு பிடிக்கும் அலைவரிசை அகலம் 16.0 கிலோஹெர்ட்ஸ். எஃப்3ஈ என்றால் எஃப்எம் முறையில் குரல். 11கே0 என்று தொடங்கினால் அது குறுகிய அகலக் கருவி. சான்று சரிதான், ஆனால் அகல முறையில் ஓடும் ரிப்பீட்டரில் உங்கள் குரல் மெலிந்து கேட்கும். மைக் கெட்டுவிட்டது என்று பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். மாறாக, அகலக் கருவியின் குரல் குறுகிய ரேடியோவில் கரகரவென்று உடைந்து கேட்கும். 1 முதல் 7 வரையும் 15 முதல் 22 வரையும் 20 கிலோஹெர்ட்ஸ் அகலம் அனுமதி. 8 முதல் 14 வரை 12.5 மட்டுமே.

தாளின் அடியில் உள்ள குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். கார் ரேடியோ என்றால் எவ்வளவு பெருக்கமுள்ள ஆன்டெனாவை மாட்டலாம், உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உங்களுக்கும் பின் இருக்கையில் உட்காரும் குழந்தைக்கும் பாதுகாப்பு தருவது அந்த இரண்டு வரிகள்.

படி 4: ரேடியோவையே சோதியுங்கள்

விசைப்பலகை உள்ள கருவியில் 446.000 மெகாஹெர்ட்ஸ் போல ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கு வெளியே உள்ள ஓர் எண்ணைத் தட்டுங்கள். கேட்க மட்டும் முடிந்தால் சரி. பேசும் பொத்தானை அழுத்தினால் அங்கே ஒலிபரப்பாகாமல், மறுப்பு ஒலியோ பிழைச் செய்தியோ வர வேண்டும். இந்தச் சோதனையை டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, அலை வெளியே போகாமல் தடுக்கும் கருவி) மாட்டித்தான் செய்ய வேண்டும். அது இல்லையென்றால் கையேட்டில் உள்ள ஒலிபரப்பு வீச்சைப் படித்தாலே போதும்.

ஏன் இப்படி? அமெச்சூர் வானொலி போன்ற, கருவிக்குச் சான்று கேட்காத சேவைகளில் ஒலிபரப்பும் திறன் உள்ள எந்தக் கருவிக்கும் ஜிஎம்ஆர்எஸ் சான்று தரப்படாது என்பது 95.1761 பிரிவு. அலைவரிசையைத் தீர்மானிக்கும் அமைப்பும் வெளியிலிருந்து எட்டக்கூடாது என்கிறது அதே பிரிவு. ஆகவே எல்லாப் பட்டையிலும் பேசும் ஒரே ரேடியோ என்று விளம்பரம் செய்தால், அந்த வாக்கியமே அதற்கு ஜிஎம்ஆர்எஸ் சான்று இருக்காது என்பதைச் சொல்லிவிடுகிறது. அமெச்சூர் உரிமம், ஜிஎம்ஆர்எஸ் உரிமம் இரண்டும் வைத்திருப்பவரும் இரண்டு ரேடியோ வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கார் ரேடியோவில் 8 முதல் 14 வரையுள்ள சேனல்களில் பேச முடியவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. அது பழுதில்லை. அந்த ஏழு சேனல்களிலும் கையில் பிடிக்கும் கருவி மட்டுமே பேசலாம் என்பதால் தயாரிப்பாளர் அப்படிப் பூட்டியிருக்கிறார்.

படி 5: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பேட்டரி மாற்றலாம். வெளி மைக் மாட்டலாம். டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு அனுப்பும் சிறு ஒலி) அமைக்கலாம், சேனலுக்குப் பெயர் வைக்கலாம், தயாரிப்பாளர் தந்த மென்பொருளில் ரிப்பீட்டரைப் பதியலாம். ஆன்டெனாவைக் கழற்றும்படி செய்திருந்தால் மாற்றலாம். ரேடியோவே இருப்பிடத்தையோ குறுஞ்செய்தியையோ அனுப்பும் கைக்கருவியில் ஆன்டெனா கழற்ற முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. அதை வெட்டி வேறு பொருத்தாதீர்கள்.

தொடக்கூடாதவை 95.337 பிரிவில் இருக்கின்றன: கூடுதல் அலைவரிசையில் ஒலிபரப்ப வைப்பது, பண்பேற்ற அளவைக் (குரலை அலையில் ஏற்றும் அளவை) கூட்டுவது, பண்பேற்ற வகையை மாற்றுவது, வெளியீட்டுத் திறனை உயர்த்துவது. இவற்றில் ஒன்றைச் செய்தாலும் கருவியின் சான்று போய்விடும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் பூட்டுத் திறந்துகொள்ளும் ரேடியோக்கள் உண்டு. திருகாணியைத் தொடவே இல்லையே என்று வாதாடிப் பயனில்லை. விளைவு கூடுதல் அலைவரிசை என்றால் அது மாற்றம்தான். யாரிடமாவது பழைய ரேடியோ வாங்கினால் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டு, படி 4-ஐ மறுபடி செய்யுங்கள்.

எண்முறை (டிஜிட்டல்) குரலும் இங்கே செல்லாது. ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கு அனுமதித்த உமிழ்வு வகைகளின் பட்டியலில் அது இல்லை. குரலை மறைத்துக் குழப்பும் வசதி ஜிஎம்ஆர்எஸ் அடங்கிய தனிநபர் வானொலிச் சேவைகள் எதற்குமே கிடையாது.

பழைய ரேடியோ வாங்குகிறவர்களுக்கு

பழைய வணிக ரேடியோக்களில் மாதிரிப் பெயர் ஒன்றாகவே இருக்கும். உள்ளே பட்டை வேறாக இருக்கும். 450 முதல் 470 வரையுள்ளதும் 470-க்கு மேல் தொடங்குவதும் ஒரே முகப்போடு வரும், ஐடி மட்டும் மாறும். விற்பவரிடம் மாதிரிப் பெயரைக் கேட்பதைவிட ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள்.

எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ் இரண்டும் கலந்த பழைய கைக்கருவிகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. 2017 டிசம்பர் 27 முதல் கைக்கருவிக்கு அப்படிக் கலப்புச் சான்று தருவதை ஆணையம் நிறுத்தியது. 2019 செப்டம்பர் 30 முதல் அவற்றை விற்பதும் தடை. ஆனால் முன்பே வாங்கியதைப் பயன்படுத்தலாம். எஃப்ஆர்எஸ் வரம்பான 2 வாட்டுக்குள் அடங்கினால் உரிமமே வேண்டாம், அதைத் தாண்டினால் உங்கள் ஜிஎம்ஆர்எஸ் உரிமத்தின்கீழ் பேசுங்கள்.

சொந்தமாக ரிப்பீட்டர் வைப்பவர்களுக்கும் இதே விதிதான். இரண்டு கார் ரேடியோவை இணைத்து ரிப்பீட்டர் ஆக்கினால், ஒலிபரப்பும் பக்கத்து ரேடியோவின் ஐடியை எடுத்து மேலே சொன்ன படிகளில் வையுங்கள். ரிப்பீட்டர் பலரின் பேச்சையும் விடாமல் ஒலிபரப்பும். கார் ரேடியோவோ விட்டுவிட்டுப் பேசுவதற்காகச் செய்தது. அதை 50 வாட்டில் ஓடவிட்டால் சூடேறித் திறன் சரியும், அலைவரிசை நகரும். அகல முறையில் 462.550 போன்ற சேனலில் அனுமதித்த நகர்வு பத்து லட்சத்தில் 5 பங்கு, அதாவது ஏறத்தாழ 2.3 கிலோஹெர்ட்ஸ். திறனைப் பாதிக்குக் கீழே இறக்கி, மின்விசிறி ஒன்றை வைத்தால் அந்த வரம்புக்குள் நிற்க உதவும்.

கடைசியாக ஒரு கோப்பு

சான்றுத் தாளின் பிடிஎஃப், ஸ்டிக்கரின் படம், கையேடு இந்த மூன்றையும் ரேடியோவுக்கு ஒரு கோப்புறை என்று போனில் சேமித்து வையுங்கள். கோப்புறையின் பெயரில் ஐடியையே எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் நாளடைவில் தேய்ந்து போகும். கைவியர்வை பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். ஆணையத்தின் அலுவலர் நிலையத்தைப் பார்க்க வந்தாலும், பின்னால் அந்த ரேடியோவை வேறொருவருக்குக் கொடுக்க நேர்ந்தாலும், முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.