ஒப்படையில் பிறர் கருத்தைச் சொந்த வசனத்தில் எழுதுவது எப்படி?

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. ஒவ்வொரு வசனத்திலும் சொற்களை மாற்றித்தானே எழுதினேன் என்று நினைத்து அன்று அழுதுவிட்டேன். பிழை அந்தச் சொல் மாற்றலில்தான் இருந்தது. அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதியபோது எனக்குப் பிடிபட்ட முறை இது.

படி 1: மூலத்தை இரண்டு தரம் வாசியுங்கள். முதல் தரம் பேனை வேண்டாம். இரண்டாம் தரம் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் கொப்பியில் எழுதிவிடுங்கள். பிறகு தேடலாம் என்று விட்டால் கிடைக்காது.

படி 2: மூடி வைத்துவிட்டு யாருக்காவது வாயால் சொல்லுங்கள். இதை மட்டும் தவறவிட வேண்டாம். என் ஆய்வு யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றியது. வாசித்ததை அம்மம்மாவுக்குச் சொன்னேன். "அதுதானே மோனை, கோடையில அளவில்லாமல் இறைச்சால் கிணறு உவராய்ப் போகும். ஆறு ஓடுற ஊரே இது?" என்றார். கட்டுரையாளர் ஆற்றில் தொடங்கிக் கிணற்றில் முடித்ததை அவர் கிணற்றில் தொடங்கினார். அந்த ஒழுங்கிலேயே எழுதினேன்.

படி 3: மூலத்தைத் திறக்காமல் எழுதுங்கள். மாதிரிக்கு நானே எழுதிய ஒரு மூலம்:

"யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லாமையால், மக்கள் குடிநீருக்கும் விவசாயத்துக்கும் சுண்ணாம்புக்கற் படையிலுள்ள நிலத்தடி நீரையே நம்பியுள்ளனர். அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போது கீழேயுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணறுகளைப் பாதிக்கிறது."

முன்பு நான் எழுதியிருக்கக்கூடியது:

"யாழ். குடாநாட்டில் நிரந்தர நதிகள் இல்லாததால், மக்கள் குடிப்பதற்கும் பயிர்ச்செய்கைக்கும் சுண்ணாம்புக்கற் படையின் நிலக்கீழ் நீரிலேயே தங்கியுள்ளனர். மிதமிஞ்சி இறைக்கும்போது அடியிலுள்ள உப்புநீர் மேலே வந்து கிணறுகளைக் கெடுக்கிறது."

ஆறு நதியாகிவிட்டது, விவசாயம் பயிர்ச்செய்கையாகிவிட்டது. வசனத்தின் எலும்பு அப்படியே கிடக்கிறது. அடியில் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் இது கொப்பியடித்ததுதான்.

இப்போது எழுதுவது:

"குடாநாட்டுக் கிணறுகள் உவராவதற்கு அளவு மீறிய இறைப்பு காரணம் என்று இன்னார் (ஆண்டு) விளக்குகிறார், அடியில் கிடக்கும் உவர்நீர் அதனால் மேலே ஏறிவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை என்பதால், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய நீரைவிட்டால் வேறில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார்."

சுண்ணாம்புக்கல், உவர்நீர் போன்ற துறைச் சொற்களை மாற்றவே வேண்டாம். அவை யாருக்கும் சொந்தமில்லை. 'வெள்ளைப் பாறை' என்று மாற்றினால் பொருள் கெட்டுவிடும். எண்களும் அப்படியே இருக்கட்டும்.

படி 4: இப்போது மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். நாலைந்து சொல் தொடர்ச்சியாக ஒத்துப்போனால் மாற்றுங்கள். மாற்ற மனம் வராத அளவுக்கு நல்ல வசனம் என்றால் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பக்க எண்ணும் கொடுங்கள். மூலம் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் ஏற்றிவிட்டோமா என்றும் பாருங்கள்.

கருவி என்றால் எனக்குக் கொப்பியும் பேனையும்தான். மூலங்களை ஒழுங்காக வைக்க சொடேரோ (Zotero) என்ற மென்பொருள் போதும், இலவசம். வசனத்தை மாற்றித் தரும் இணையத்தளங்கள் வேண்டாம். நான் முன்பு செய்த அதே வேலையை அவை விரைவாகச் செய்கின்றன.

பின்சேர்க்கை: இதை வாசித்த தங்கச்சி ஒருவர், ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கினால் அது சொந்த எழுத்துத்தானே என்று கேட்டார். இல்லை. மொழி மாறினாலும் கருத்தும் அதை அடுக்கிய விதமும் அவருடையவை. தமிழாக்கிய பந்திக்கும் படி 2 தேவை, ஆசிரியர் பெயரும் தேவை.

இன்னொருவருக்கு, எழுத்து பிற மூலங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டேர்னிற்றின் (Turnitin) மென்பொருள் காட்டும் சதவீதம் பற்றிப் பயம். அது ஒத்த சொற்களை மட்டும் எண்ணுகிறது. முறையான மேற்கோளும் அதில் சேரக்கூடும், தமிழாக்கிய களவு தப்பிவிடவும் கூடும். சதவீதத்தைப் பார்த்து நிற்காமல், நிறம் காட்டிய ஒவ்வொரு வரியையும் திறந்து பாருங்கள்.

'நூலகம்' (noolaham.org) என்ற இணைய நூலகத் தளத்தில் பழைய நூல்களை வாசிப்பவர்களுக்கு: தளத்தின் முகவரியை மட்டும் போட்டால் போதாது, அந்த நூலின் ஆசிரியரையும் அது வெளிவந்த ஆண்டையும் எழுதுங்கள். இரண்டும் பெரும்பாலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.