புதுச்சேரியின் 'ரூ துமாஸ்' தெருப் பலகையை வாசிக்கத் தெரிந்தால் போதுமா? பிரான்சுக்கு மொழி உதவியாளராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பிரெஞ்சு அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில உதவியாளராகப் போகிறவர்கள், அதாவது 'அசிஸ்தான்' வேலைக்குப் போகிறவர்கள், மற்ற ஊர்க்காரர்களைவிடத் தயாராக இருக்க வேண்டும். பிரெஞ்சு இவர்கள் காதில் புதிதாக விழும் மொழி அல்ல. தெருப் பலகையில் இருக்கிறது, அலியான்ஸ் பிரான்சேசில் இருக்கிறது, பக்கத்து வீட்டு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பத்தின் பேச்சில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தெரியும் என்று நினைத்துக் கேட்காமல் விட்ட விஷயத்தில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, சொந்தக்காரர் சொல்லும் யோசனை. பாரிஸை ஒட்டிய சார்செல், கார்ழ் பக்கம் நாற்பது வருடமாக இருக்கும் பெரியப்பா, "வந்து இறங்கு, எல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். அன்பு உண்மையானதுதான். ஆனால் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் அங்கே குடிமக்களாகப் போய் இறங்கியவை. விசாவை இணையத்தில் உறுதிப்படுத்துவது, வேலை அனுமதி, குடியேற்ற அலுவலகம் எதையும் அவர்கள் தொட்டதே இல்லை. உங்களுக்குக் கிடைப்பது தற்காலிகப் பணியாளருக்கான நீண்டகால விசா. அதைப் பிரான்சுக்குள் நுழைந்த 3 மாதத்துக்குள், கட்டணம் செலுத்தி, அரசின் இணையதளத்தில் உறுதிப்படுத்த வேண்டும். முத்திரை குத்திய பாஸ்போர்ட் கையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் நான்காவது மாதம் முதல் நீங்கள் சட்டப்படி அங்கே இல்லை. இறங்கிய வாரமே செய்துவிடுங்கள். முகவரி கேட்கும், தற்காலிக முகவரி கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இனிஷியல் என்ற பெருந்தலைவலி

காகிதங்களில் அதிகம் இழுத்தடிப்பது பெயர்தான். பட்டச் சான்றிதழில் 'மு. தேன்மொழி', பிறப்புச் சான்றிதழில் வெறும் 'தேன்மொழி', பாஸ்போர்ட்டில் முருகையன் தேன்மொழி என்று மூன்று விதமாக இருக்கும். நமக்கு மூவரும் ஒருவர். பிரெஞ்சு அலுவலகக் கணினிக்கு மூன்று பேர்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தை வெற்றாக விட்டவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அங்கே குடும்பப் பெயர் இல்லாத மனிதர் என்று ஒருவர் கிடையாது. அதனால் அந்தக் கட்டத்தில் 'எஸ்.என்.பி.' (குடும்பப் பெயர் இல்லை) என்றோ மூன்று எக்ஸ் என்றோ போட்டுவிடுவார்கள். வங்கி ஒரு மாதிரி, சமூகப் பாதுகாப்பு அலுவலகம் வேறு மாதிரி, சம்பளப் பிரிவு இன்னொரு மாதிரி போட்டால், சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகும்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பி மறுவெளியீடு வாங்கிவிடுவது நல்லது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டால் பள்ளியில் எல்லோரும் 'மதாம் முருகையன்' என்றுதான் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மற்ற சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழிலும் கோட்டை விடுகிறார்கள். பெற்றோர் இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். மாநிலத்திலோ யூனியன் பிரதேசத்திலோ சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் ஆவணத்தை ஏற்க வைக்கும் முத்திரை, பெற வேண்டும். மொழிபெயர்ப்பை பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த நண்பரிடமோ வாத்தியாரிடமோ வாங்கினால் அது செல்லாது. பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்ததே கவலையற்றது. இந்த வரிசையும் முக்கியம்: அப்போஸ்டில் முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. மாற்றிச் செய்தால் முத்திரையின் மொழிபெயர்ப்பு விட்டுப்போய், மறுபடி காசு. மருத்துவக் காப்பீட்டு எண்ணுக்கும் வீட்டு உதவித்தொகைக்கும் இதே சான்றிதழைத்தான் கேட்பார்கள். அங்கே போய் ஊருக்குப் போன் போட்டு அனுப்பச் சொன்னால் மாதக்கணக்கில் ஆகும்.

பெயர் விவகாரம் தபால் பெட்டியில் வந்து முடியும். அங்கே கடிதம் வீட்டு எண்ணை மட்டும் பார்த்து வராது. பெட்டியின் மேல் உங்கள் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். வங்கி அட்டை, மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் எல்லாமே தபாலில்தான் வரும். சாவி வாங்கிய அன்றே, கடிதங்களில் எப்படி இருக்குமோ அதே எழுத்தில், ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

கையெழுத்திலும் ஒரு பொறி உண்டு. பிரெஞ்சுக்காரர் 1-ஐ மேலிருந்து சாய்கோடு இழுத்து எழுதுவார். 7-இன் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவார். நாம் குறுக்குக்கோடு இல்லாமல் எழுதும் 7 அவர் கண்ணுக்கு 1. வங்கிக் கணக்கு எண் எழுதும்போது கோடு போட மறக்காதீர்கள்.

வீடும் பணமும்

நியமனக் கடிதம் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை இணையத்தில் வீடு தேடுவது. பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அப்புறம் தேடலாம். விடுதி வசதியுள்ள சில பள்ளிகள் உதவியாளருக்கு அறை தருவதுண்டு, கேட்டவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் எப்போது கேட்கிறீர்கள் என்பது முக்கியம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பள்ளி அலுவலகம் மூடியிருக்கும். அப்போது பதில் வரவில்லை என்று பதறி, பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உண்டு. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் வாங்காமல், பணமாற்று நிறுவனம் வழியாக அனுப்பச் சொன்னால் அது மோசடி. இதில் விதிவிலக்கே தேட வேண்டாம்.

வீட்டுக்காரர்கள் வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானமும் பிரான்சில் வசிக்கும் ஒரு ஜாமீன்தாரரும் கேட்பது வழக்கம். வாரத்துக்கு 12 மணி நேர வேலைக்கு வரும் சம்பளத்தில் மூன்று மடங்கு தேறாது. இதற்காகப் பெரியப்பாவின் காலைப் பிடிக்க வேண்டியதில்லை. 'விசால்' என்ற இலவச உத்தரவாதம் 30 வயது வரை உள்ளவர்களுக்குக் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வாங்க வேண்டும். போட்ட பிறகு கேட்டால் கிடையாது.

வாடகைக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மேசை, கட்டில் உள்ள வீட்டுக்கு அதிகபட்சம் 2 மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கேட்கலாம். வெற்று வீட்டுக்கு 1 மாதம். 400 யூரோ வாடகை என்றால் முதல் மாதமே 1,200 யூரோ போய்விடும். வீட்டுக் காப்பீடு கட்டாயம். சாப்பாடும் குளிர் கோட்டும் இதற்கு மேல். அக்டோபரில் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் அந்த மாதம் முழுதாக வந்துவிடும் என்று நம்பக் கூடாது. 1,800 யூரோவுக்குக் குறைவாகக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவது துணிச்சல்தான்.

முதல் நாள் பள்ளி அலுவலகத்தில் பணியேற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பறையைச் சுற்றிக் காட்டி, காபி கொடுத்து, எல்லோரும் அன்பாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். படிவத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். அது போகாமல் சம்பளம் நகராது. அடுத்து, அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி இரண்டு வார தூசேன் (புனிதர்கள் திருநாள்) விடுமுறை வந்துவிடும். வங்கி, காப்பீடு, விசா வேலைகளை அதற்குள் முடிக்காவிட்டால் நவம்பருக்குத் தள்ளிப்போகும். வீட்டு உதவித்தொகைக்கும் குடிபோன உடனே விண்ணப்பியுங்கள். குடிபோன மாதத்துக்கு அது கிடைக்காது, தாமதித்த மாதங்களுக்கும் திரும்பித் தர மாட்டார்கள்.

மலிவு வாடகை என்று மயங்கும் முன் வீட்டின் மின்சிக்கன எழுத்தைப் பாருங்கள். அது ஏ முதல் ஜி வரை இருக்கும். எஃப் எழுத்து வீட்டில் பழைய மின் ஹீட்டர் இருந்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது ஜனவரி மின்கட்டணத்தில் கரைந்துவிடும்.

ஊர்ப் பக்கமும் இரண்டு வேலை உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும். ஓ.டி.பி. வர, பழைய சிம் உயிரோடு இருக்க வேண்டும். ரோமிங்கைச் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டு, ரீசார்ஜ் பொறுப்பைத் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுங்கள்.

பெட்டியில் எது போகலாம்

அம்மாக்கள் முதலில் கட்டுவது நெய் டப்பா. அதுதான் முதலில் பறிபோவதும். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிநபர் பெட்டியில் அனுமதி இல்லை. பால்கோவாவுக்கும் அதே கதிதான். பச்சைக் கறிவேப்பிலை, பண்ருட்டிப் பலாச்சுளை போன்றவை தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு. கேட்டால் நம்ப மாட்டீர்கள், கடலூர் முதுநகர்க் கருவாடு போகலாம். மீன் பொருளுக்கு 20 கிலோ வரை இடம் உண்டு. காற்று நீக்கிப் பொதியச் சொல்லுங்கள். ஆனால் பகிர்ந்து தங்கும் வீட்டில் அதை வறுப்பது பற்றி எந்தச் சட்டமும் உங்களைக் காப்பாற்றாது.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்சி ஓடும். நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் சட்னி அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். குக்கரில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்: பல வீடுகளில் இன்டக்ஷன் அடுப்பு, அதில் சாதாரண அலுமினிய குக்கர் சூடே ஏறாது. அடிப்பாகம் காந்தத்தை இழுக்கும் எவர்சில்வர் குக்கராகப் பார்த்து வாங்குங்கள்.

படித்த பிரெஞ்சும் பேசும் பிரெஞ்சும்

பி1 (இடைநிலை) பிரெஞ்சுச் சான்றிதழோடு போனவர்கள் முதல் வாரம் ஆசிரியர் அறையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். இதில் தமிழர் ஆச்சரியப்படத் தேவையில்லை. 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதுகிறோம், 'தெர்ல' என்கிறோம். அவர்களும் 'ழ ந செ பா' என்று எழுதிவிட்டு 'ஷே பா' என்பார்கள். கிளம்புவதற்கு 3 மாதம் முன்பிருந்தே செய்தி வாசிப்பை விட்டு, அரட்டை வானொலியைக் கேட்டுப் பழகுவது பலன் தரும்.

எண்கள் தனிப் பயிற்சி. தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாக, ஐந்து ஜோடியாகச் சொல்வார்கள். 72 என்பது 'அறுபது-பன்னிரண்டு', 94 என்பது 'நாலு-இருபது-பதினான்கு'. அறுபது என்று கேட்டதும் 6 எழுதிவிட்டால் தொலைந்தது. ஜோடி முடியும் வரை பேனாவைத் தூக்கியே வைத்திருங்கள்.

'து', 'வூ' இரண்டையும் நம் நீ, நீங்கள் என்று பொருத்திக்கொள்வதும் வழுக்கும் இடம். நாம் வயதைப் பார்த்து மரியாதை வைக்கிறோம். அங்கே பழக்கத்தைப் பார்க்கிறார்கள். ஐம்பது வயது சக ஆசிரியர் இரண்டாம் நாளே 'து' போடச் சொல்வார். விடாமல் 'வூ' போட்டால் விலகி நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். கடையில் இருபது வயதுப் பையனுக்கு 'வூ' தான். அதற்கும் முன்னால் 'போன்ழூர்' என்ற வணக்கம். கடைக்குள் நுழைந்ததும் நேராகக் கேள்வி கேட்பது நம் ஊரில் இயல்பு. அங்கே அது முரட்டுத்தனம்.

வகுப்பறை

வகுப்புப் பெயர் தலைகீழாக ஓடும். 'சிசியெம்' என்றால் 11 வயதுப் பிள்ளைகள்; அது நம் ஆறாம் வகுப்போடு ஒத்துப்போவதால் ஏமாந்துவிடுவோம். 'துருவாசியெம்' மூன்றாம் வகுப்பு அல்ல, 14 வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு வண்ண அட்டையும் ஆட்டுக்குட்டிப் பாட்டும் கொண்டுபோனால் அந்த வருடம் முழுக்க மரியாதை திரும்பாது.

திருநீறு, குங்குமம், சிலுவை டாலர் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பள்ளியில் மத அடையாளங்களைத் தடுக்கும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர்களுக்குத்தானே என்று வாதாட இடமில்லை. அரசுப் பணியில் இருப்பவருக்கு மதச்சார்பின்மை விதி அதைவிடக் கறார். வெறும் ஸ்டிக்கர் பொட்டு வைக்கலாமா என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மாணவர்களைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவதும் கூடாது; பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

மதிப்பெண் 20-க்கு. 10 எடுத்தால் தேர்ச்சி, 14 நல்ல மதிப்பெண், 16 மிக நல்லது. பிள்ளையை ஊக்கப்படுத்த 19 போட்டால் பொறுப்பாசிரியர் உங்களைத் தனியே கூப்பிடுவார். மதிப்பெண் போடுவதே உங்கள் வேலை அல்ல என்பதும் அப்போதுதான் தெரியவரும். உங்களை அழைத்திருப்பது பிள்ளைகளைப் பேச வைக்க.

பேச வைப்பதற்காகப் பிரிட்டிஷ் உச்சரிப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டாம், பத்து நிமிடத்தில் உதிர்ந்துவிடும். இலக்கணத் தாளும் வேண்டாம், அதை அவர்களுடைய ஆசிரியரே நடத்துகிறார். கடலூர் பேருந்து டிக்கெட், பத்து ரூபாய்த் தாளில் உள்ள மொழிகள், ஓட்டல் விலைப்பட்டியல், ஒரு கல்யாணப் பத்திரிகை, இவை நான்கும் இருந்தால் நான்கு வகுப்பு ஓடும். பத்திரிகையில் ஏன் இத்தனை பேர் பெயர் என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்.