மூச்சிரைப்போடு வந்தவருக்குக் கட்டிலருகே நுரையீரல் ஸ்கேன்: முதன்முதலாக ப்ரோப் பிடிப்பவர்களுக்கு

பொது மருத்துவத்தில் பி.ஜி. படிப்பவர்களுக்காகவும், படித்து முடித்தும் ஸ்கேன் மெஷின் பக்கமே போகாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஐ.சி.யூ.காரர்களும் எமர்ஜென்சிக்காரர்களும் எப்போதோ கையில் எடுத்துவிட்டார்கள், நாம் மட்டும் "அது ரேடியாலஜி வேலை" என்று இன்னும் தள்ளி நிற்கிறோம். ரேடியாலஜிஸ்ட் செய்யும் முழு ஸ்கேனை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. நாம் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கு உண்டா இல்லையா என்ற பதில். நெஞ்சில் நீர் இருக்கிறதா? நுரையீரல் ஈரமாக இருக்கிறதா? இப்படி ஒரு கேள்வி மனதில் இல்லாமல் ப்ரோப்பை (உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் கைப்பகுதி) வைத்தால் திரையில் சாம்பல் நிறம்தான் தெரியும்.

நுரையீரலில் தொடங்குங்கள் என்பேன். இதயத்தில் சரியான கோணம் பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும், நுரையீரலில் ஒரே வாரத்தில் கை பழகிவிடும்.

மெஷினைத் தொடும் முன்

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா அல்ட்ராசவுண்ட் மெஷினுக்கும் பொருந்தும், போனில் செருகும் கையடக்க ப்ரோப்பும் அதில் அடக்கம். எந்த வளாகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் பயன்படுத்தலாம், பையில் போட்டுக்கொண்டு மாலையில் சொந்த கிளினிக்குக்கு எடுத்துப்போகும் யோசனை வேண்டவே வேண்டாம். "நெஞ்சைத்தானே பார்த்தேன்" என்பது அங்கே எடுபடாது. பதிவு ஆவணத்தில் உங்கள் பெயரும் சேர வேண்டுமா என்று துறைத் தலைவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 1: ப்ரோப், டெப்த், புள்ளி

வளைந்த முகம் உள்ள வயிற்று ப்ரோப் (2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ்) ஒன்றே போதும். மெஷினில் லங் ப்ரீசெட் (நுரையீரலுக்கென்று முன்பே வைத்த அமைப்பு) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் வயிற்று ப்ரீசெட் போட்டு, படத்தை அழகாக்கும் ஃபில்டர்களை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் நமக்கு வேண்டிய கோடுகளே ஆர்ட்டிஃபாக்ட்தான் (ஒலி எதிரொலித்து உண்டாகும் போலித் தோற்றம்), ஃபில்டர் அதைத்தான் முதலில் துடைத்துவிடும். டெப்த் 12 முதல் 15 செ.மீ. வைக்கலாம்.

ப்ரோப்பில் இருக்கும் குறி நோயாளியின் தலைப் பக்கம், திரையில் புள்ளி இடப் பக்கம். நமக்கு முன்னால் யாராவது எக்கோ பார்த்துவிட்டு கார்டியாக் ப்ரீசெட்டிலேயே விட்டுப் போயிருந்தால் புள்ளி வலப் பக்கம் போயிருக்கும், அப்புறம் தலைப் பக்கமும் கால் பக்கமும் மாறித் தெரியும். குறி இருக்கும் ஓரத்தை ஜெல் தடவிய விரலால் தட்டி, திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

படி 2: வைக்கும் இடம்

மூச்சு வாங்குபவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், சாய்ந்த வாக்கிலேயே இருக்கட்டும். "ஐயா, ஜெல் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், மூச்சை எப்போதும் போல விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஸ்கேன் என்றாலே வயிற்றுக்குத்தான் என்று நினைத்துச் சட்டையைக் கீழிருந்து தூக்குவார்கள், நெஞ்சுக்கு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே, இரண்டாவது அல்லது மூன்றாவது விலா இடைவெளியில் ப்ரோப்பை நெடுக்காக, செங்குத்தாக வையுங்கள். இரண்டு பக்கமும் விலா எலும்பும் அவற்றின் கறுப்பு நிழலும், நடுவில் எலும்பின் மேற்பரப்பிலிருந்து சுமார் அரை செ.மீ. கீழே ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். அந்தக் கோடுதான் ப்ளூரா, அதாவது நுரையீரல் உறை. பாடப்புத்தகம் வௌவால் என்று சொல்லும் படம் இதுதான். இது கிடைக்கும் வரை வேறு எதையும் தேடாதீர்கள்.

படி 3: அசைகிறதா?

அந்த வெள்ளைக் கோட்டையே உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது மினுமினுத்துக்கொண்டு முன்னும் பின்னும் வழுக்கும். வழுக்கினால் அந்த இடத்துக்கு நேர் கீழே நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) இல்லை. வழுக்கவில்லை என்றால் காற்றை வெளியேற்ற உடனே ஊசியை எடுத்துவிடாதீர்கள். பழைய டி.பி.யில் ப்ளூரா ஒட்டிப்போயிருந்தாலும் அசையாது, நம் ஊர் வார்டில் அது அபூர்வமும் இல்லை. அசையும் இடமும் அசையாத இடமும் ஒரே படத்தில் சந்திக்கும் லங் பாயின்ட் கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

படி 4: ஏ கோடா, பி கோடா?

இரவு டியூட்டியில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது இந்தப் படிதான். பீடி பிடிக்கும் பெரியவர், பழைய ஹார்ட் அட்டாக், சர்க்கரை, இரண்டு பக்கமும் வீசிங். நெபுலைசரா, லாசிக்ஸா (சிறுநீர் வழியே நீரை வெளியேற்றும் மருந்து)? ஸ்டெத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும், எக்ஸ்ரே வருவதற்குள் விடிந்துவிடும்.

ப்ளூராவுக்குக் கீழே அதே இடைவெளியில் படுக்கைவாட்டில் திரும்பத் திரும்பக் கோடுகள் வந்தால் அவை ஏ கோடுகள், அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். ப்ளூராவிலிருந்தே புறப்பட்டு, டார்ச் அடித்த மாதிரி திரையின் அடிவரை மங்காமல் இறங்கி, ஏ கோடுகளை அழித்துக்கொண்டு மூச்சோடு சேர்ந்து அசைபவை பி கோடுகள். ஒரு இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடம் பாசிட்டிவ். பக்கத்துக்கு நான்கு என்று மொத்தம் எட்டு இடம் பாருங்கள், இரண்டு பக்கத்திலும் இரண்டு இடத்துக்குக் குறையாமல் பாசிட்டிவ் என்றால் நுரையீரல் ஈரமாகியிருக்கிறது.

நம் பெரியவருக்கு எல்லா இடத்திலும் ஏ கோடு, ப்ளூராவும் நன்றாக வழுக்குகிறது என்றால் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்), ஆஸ்துமா பக்கம் சாயலாம். எட்டிலும் பி கோடு, ப்ளூரா வழவழப்பாக இருக்கிறது என்றால் ஹார்ட் ஃபெயிலியர் பக்கம். ப்ளூரா கரடுமுரடாக, ஒரு இடம் ஈரம் அடுத்த இடம் சுத்தம் என்று திட்டுத்திட்டாக வந்தால் நிமோனியா, ஏ.ஆர்.டி.எஸ். (திடீரென வரும் கடுமையான நுரையீரல் பாதிப்பு) பற்றி யோசியுங்கள். நுரையீரல் தழும்பு நோயிலும் பி கோடு வரும், ஆகவே பழைய சி.டி. இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேளுங்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பில் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கலாம், மூச்சு வாங்குபவருக்குச் சுத்தமான ஸ்கேன் வந்தால் அதையும் மறக்காமல் நினைக்க வேண்டும்.

இந்த வழிமுறையின் அடிப்படை பிரான்ஸ் நாட்டுத் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் 2008-ல் வெளியிட்ட ப்ளூ புரோட்டோகால். ஐ.சி.யூ.வில் சேர்ந்த 260 பேரில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது காரணத்தைச் சரியாகச் சொன்னது. அவர் கையில் அந்த எண், நம் கையில் முதல் மாதமே அது வராது.

படி 5: அடிப்பகுதியில் நீர்

ப்ரோப்பைப் பின் அக்குள் கோட்டுக்கு, கட்டிலில் கை இடிக்கும் அளவு பின்னால் கொண்டுபோங்கள். புதியவர்கள் போதிய அளவு பின்னால் போகாமல் "நீர் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். வலப்பக்கம் ஈரல், இடப்பக்கம் மண்ணீரல், அதற்கு மேல் வளைந்த வெள்ளைக் கோடாக உதரவிதானம். அதற்கும் மேலே கறுப்பாகத் தெரிந்து, முதுகெலும்பு நெஞ்சுக்குள்ளும் தொடர்ந்து தெரிந்தால் நீர்தான், காற்று நிறைந்த நுரையீரல் இருந்தால் முதுகெலும்பு உதரவிதானத்தோடு மறைந்துவிடும். டேப் செய்யப் (ஊசி போட்டு நீரை எடுக்கப்) போகிறீர்கள் என்றால் மூச்சு விடும்போது உதரவிதானம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பார்த்து, அதற்கு மேல் குறி போடுங்கள், நோயாளியை அசைக்காமல் அதே நிலையில் குத்துங்கள்.

டெங்கு சீசனில் இதே இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ப்ளாஸ்மா கசியத் தொடங்கினால் வலப்பக்க அடியில் மெல்லிய நீரும், பித்தப்பைச் சுவர் தடிப்பும் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே ஸ்கேனில் தெரியலாம்.

ஐ.வி.சி. (இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை) பற்றிக் கேட்பீர்கள். 2.1 செ.மீ.க்கு மேல் பெருத்து, மூக்கால் உறிஞ்சச் சொன்னாலும் பாதிகூடச் சுருங்கவில்லை என்றால் இதயத்தின் வலது ஏட்ரியத்தில் (மேலறையில்) அழுத்தம் அதிகம். அதை மட்டும் வைத்து ட்ரிப் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவெடுக்காதீர்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு.

பழகுவது எப்படி

அமெரிக்க எமர்ஜென்சி மருத்துவர்கள் சங்கம் ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் மேற்பார்வையில் 25 முதல் 50 வரை செய்யச் சொல்கிறது. எண்ணிக்கையைவிட ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்பே உங்கள் பதிலை நோட்டில் எழுதிவிடுங்கள், பார்த்துவிட்டு ஸ்கேன் செய்தால் கண் தானாகவே நீரைக் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஆறு விநாடி க்ளிப் சேமித்து, வாரம் ஒரு முறை ரேடியாலஜி நண்பரிடம் உட்கார்ந்து காட்டுங்கள். அவர்கள் ஒன்றும் கடித்துவிட மாட்டார்கள்.

கேஸ் ஷீட்டில் "லங் ஸ்கேன் நார்மல்" என்று எழுதாதீர்கள். "முன்பக்கம் நான்கு இடம் பார்த்தது, பி கோடு இல்லை, பின்பக்கம் பார்க்கவில்லை" என்று எழுதினால் காலையில் ரவுண்ட்ஸ் வருபவருக்கு எதை நம்பலாம் என்று தெரியும். ப்ளூராவைத் தொடாமல் உள்ளே ஆழத்தில் இருக்கும் நிமோனியா இந்த ஸ்கேனில் தெரியவே தெரியாது, அதனால் எக்ஸ்ரேயை ரத்து செய்துவிடாதீர்கள்.

முடிந்ததும் நோயாளியின் நெஞ்சிலிருக்கும் ஜெல்லை நீங்களே துடையுங்கள், சிஸ்டரிடம் விட்டுப் போகாதீர்கள். ப்ரோப்பையும் துடைத்து, கம்பெனி சொன்ன கிருமிநாசினியால் சுத்தம் செய்யுங்கள். எல்லா ப்ரோப்புக்கும் ஸ்பிரிட் ஒத்துக்கொள்ளாது, முகத்தில் இருக்கும் ரப்பர் வெடித்துவிடும். அப்படியே சார்ஜரிலும் போட்டுவிட்டுப் போங்கள்.