ஜேம்ஸ் டீன் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஜேம்ஸ் டீன் 1931 பிப்ரவரி 8 அன்று பிறந்து, 1955 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் கார் விபத்தில் மறைந்தார். இவ்வளவு சின்ன வாழ்க்கையில் இத்தனை பிழை எப்படி நுழைகிறது என்றால், படப்பிடிப்பு, வெளியீடு, விருது ஆகிய மூன்று தேதிகளையும் குழப்பிக்கொள்வதால்தான். எழுதும் முன் ஒரு தாளில் படத்துக்கு ஒரு வரி போட்டு, இந்த மூன்று தேதிகளையும் தனித்தனியே குறியுங்கள். குறுக்கே செப்டம்பர் 30 என்று ஒரு கோடு போட்டுவிட்டால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' 1954இல் எடுக்கப்பட்டு 1955 மார்ச்சில் வெளிவந்தது. அவர் உயிரோடு இருந்தபோது திரைக்கு வந்த நாயகப் படம் இது ஒன்றுதான். 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' அக்டோபர் கடைசியில், அவர் இறந்து நான்கு வாரம் ஆகும் வேளையில் வந்தது. ஆகவே அந்தப் படத்தில் அவர் அணிந்த சிவப்பு ஜாக்கெட் தந்த புகழை அவர் அனுபவித்ததாக எழுதுவது பிழை. 'ஜயன்ட்' 1956 நவம்பரில் வெளியானது. அது பாதியில் நின்றது, வேறொருவரை வைத்து முடித்தார்கள் என்பதும் தவறு. தம் காட்சிகளை டீன் நடித்து முடித்திருந்தார். விருந்துக் காட்சியில் போதையில் உளறும் பேச்சு தெளிவாகக் கேட்காததால், அந்தப் பகுதிக்கு மட்டும் நடிகர் நிக் ஆடம்ஸ் குரல் கொடுத்தார்.

"மூன்றே படங்களில் நடித்தவர்" என்பதையும் திருத்துங்கள். மூன்று என்பது முதன்மை வேடங்களின் கணக்கு. அதற்கு முன்பே 1951இல் வந்த 'ஃபிக்ஸ்டு பேயனெட்ஸ்' போன்ற படங்களில் பெயர் போடாத சிறு வேடங்களில் வந்திருக்கிறார். நியூயார்க்கின் ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நடிப்புப் பயிற்சிக் களத்தையும், நேரலைத் தொலைக்காட்சி நாடகங்களையும், 1954இல் பிராட்வே மேடையையும் தாண்டித்தான் ஹாலிவுட்டின் பெரிய வேடத்துக்கு வந்தார். இந்தப் பகுதியை விட்டுவிட்டால் ஒரே இரவில் நட்சத்திரம் ஆனவர் போலத் தோன்றும். அது அவருடைய உழைப்புக்கு நியாயமாகாது.

ஆஸ்கர் விஷயத்தில் வரும் பிழை இன்னும் பிடிவாதமானது. அவர் விருது வாங்கவில்லை. மறைவுக்குப் பின் சிறந்த நடிகர் பிரிவில் இருமுறை பரிந்துரைக்கப்பட்டார்; நடிப்புக்காக அப்படி இருமுறை பரிந்துரைக்கப்பட்டவர் அவர் மட்டுமே. முதல் முறை 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்', அடுத்த ஆண்டு 'ஜயன்ட்'. பலரும் நினைப்பதுபோல 'ரெபெல்' அல்ல. அந்தப் படத்தின் நடிப்புப் பரிந்துரைகள் சால் மினியோவுக்கும் நாட்டலி வுட்டுக்கும்தான் போயின. டீன் பரிந்துரைக்கப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த நடிகர் விருதை வென்றவர்கள் முறையே எர்னஸ்ட் போர்க்னைன், யுல் பிரின்னர்.

விபத்தை எழுதும்போது வேகத்தில் கவனம் வேண்டும். அன்று பிற்பகல் சுமார் 3:30 மணிக்கு, 55 மைல் வரம்புள்ள சாலையில் 65 மைலில் போனதாக அவருக்கு அபராதச் சீட்டு கொடுத்தார்கள். இது மைல் கணக்கு, கிலோமீட்டரில் ஏறத்தாழ 105. மோதல் நடந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, கலிஃபோர்னியாவில் சொலேம் அருகே அப்போதைய 466, 41 எண் சாலைகள் சேர்ந்த இடத்தில். எதிரே வந்த ஃபோர்டு கார் இடப்புறம் திரும்பி அவர் பாதையில் குறுக்கிட்டது. சீட்டிலுள்ள வேகத்தை மோதல் வேகமாக்குவது அபத்தம். மோதலின்போது என்ன வேகம் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. ஒற்றை எண்ணை உறுதியாக எழுத வேண்டாம். போர்ஷே 550 ஸ்பைடர் காரில் அவர் தனியாகவும் போகவில்லை. உடன் இருந்த மெக்கானிக் ரோல்ஃப் வூதெரிச் பலத்த காயத்துடன் பிழைத்தார். அந்தக் காரைச் சுற்றி உலவும் "சாபக்" கதைகளை முழுவதுமாக விட்டுவிடலாம்.

"வேகமாக வாழ், இளமையில் செத்துப்போ" என்ற வாசகத்தை டீன் சொன்னதாகப் போடாதீர்கள். அது 1947இல் வில்லர்டு மாட்லி எழுதிய நாவலில் இருப்பது. அந்த நாவல் 1949இல் படமாகவும் வந்தது.

ஊர்ப் பெயரிலும் குழப்பம் உண்டு. பிறந்தது இந்தியானா மாநிலத்தின் மேரியன். ஒன்பது வயதில் தாயை இழந்தபின் வளர்ந்தது, அத்தையும் மாமாவும் வைத்திருந்த ஃபேர்மவுண்ட் பண்ணையில். சொலேமில் இருப்பது நினைவுச் சின்னம் மட்டுமே. கல்லறை ஃபேர்மவுண்டின் பார்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.