"எல்லாம் செய்வான்" என்று எழுதாதீர்கள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவை பஜாரில் ஒரு கடையின் மூலையை வாடகைக்கு எடுத்து, போட்டோ பிரதி இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறேன். பிரதி எடுக்க வருகிறவர்கள் படிவத்தையும் என் பக்கம் தள்ளி, "அண்ணன், இதையும் நிரப்பித் தந்துவிடுங்கள்" என்பார்கள். அடையாள அட்டை, சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ் என்று பன்னிரண்டு வருடமாக ஊரார் படிவங்களை நிரப்பிய கை இது. ஓட்டிசம் உள்ள என் சொந்த மகனின் கொடுப்பனவுப் படிவத்தில்தான் சறுக்கியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீண் நம்பிக்கையோடு யாரும் பஸ் ஏறக்கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளையின் நடத்தைப் பயிற்சிக்கென்று தனியாகப் பணம் தரும் திட்டம் இலங்கையில் கிடையாது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் போனில் "இங்கே எல்லாவற்றுக்கும் அரசாங்கமே கட்டுகிறது" என்பார். அது அந்த ஊர்ச் சட்டம். நமக்கு இருப்பவை இரண்டு. அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் கிடைக்கும் சிகிச்சை ஒன்று. வருமானம் குறைந்த குடும்பத்து மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் தரப்படும் கொடுப்பனவு மற்றது. 2024இல் அது 7,500 ரூபாய். 2025 ஏப்ரலில் 10,000 ஆனது. இந்தப் பணத்தில் தனியார் நிலையத்தில் மாதம் முழுக்கப் பயிற்சி வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிளினிக் நாளில் தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளப்படி அப்போதே அது 1,350 ரூபாய். பஸ் கூலியும் மதியச் சாப்பாடும் தனி. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கொடுப்பனவு. கிளினிக்கைத் தவறவிடாமல் இருக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம்.

தொடக்கம் வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்தபோது கொடுத்த குழந்தை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். எடை எழுதும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்யவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரலால் காட்டிக் கேட்பதில்லை, பேசிய சொற்கள் நின்றுவிட்டன என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்" என்று பிள்ளைக் காம்பிராவில் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்து இடம்) நாலு பேர் சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள், ஒன்றரை வருடம் கேட்டுக்கொண்டிருந்தோம். தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டோடு நின்றுவிடாமல் சுகாதார வைத்திய அதிகாரி வரைக்கும் போய், சிறுவர் மனநல வைத்தியரிடமோ குழந்தை வைத்திய நிபுணரிடமோ அனுப்பும் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களைப் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். விடிய நாலு மணிக்கு வீட்டை விட்டு, ஹட்டனில் பஸ் மாறிப் போய்ச் சேருவோம்.

பேச்சுப் பயிற்சி தமிழில் கிடைக்குமா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. கிடைக்காவிட்டால், சொல்லித் தருவதைவிடச் செய்து காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அப்படி வந்ததுதான். பயிற்சியாளர் ஒரு மாரி பிஸ்கட்டை எட்டாக உடைத்தார். ஒரு துண்டைத் தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மகன் கையைப் பிடித்து இழுத்தான், அழுதான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்த அந்த நொடியில் துண்டு அவன் கைக்குப் போனது. எட்டுத் துண்டுக்கு எட்டுத் தடவை. நாங்கள் அதுவரை முழு பிஸ்கட்டையும் கையில் கொடுத்து, அவன் கேட்பதற்கான காரணத்தையே இல்லாமல் செய்திருந்தோம். இப்போது தண்ணீர்க் குழாய், கக்கூசு, சோற்றுக் கோப்பை எல்லாவற்றையும் படம் பிடித்து, என் கடையிலேயே அச்செடுத்து லமினேட் செய்து சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பான். நடத்தைப் பயிற்சி என்றால் பாதி இதுதான். இதற்குக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை. அது எனக்குக் குறைவு, என் மனைவிக்கு நிறைய.

இனிக் கொடுப்பனவுப் படிவம். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகவேண்டும். எங்கள் பக்கத்தவர்கள் முன்பு கினிகத்தேனையில் இருக்கும் அம்பகமுவ செயலகத்துக்கு ஓடினார்கள். இப்போது நோர்வூட்டிலேயே செயலகம் இருக்கிறது. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவிப் பட்டியலில் உங்கள் குடும்பம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கேட்காமல் விடாதீர்கள். அரசாங்க வைத்தியர் நிரப்பவேண்டிய பகுதிக்கு கிளினிக் அட்டையின் பிரதி மட்டும் போதாது. வைத்தியரிடம் அறிக்கை கேட்கும்போது, நோயின் பெயரோடு நிறுத்தாமல் பிள்ளைக்கு அன்றாடம் எந்தெந்த வேலையில் ஆள் துணை வேண்டும் என்பதையும் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஏன் என்றால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தில் நோயின் பெயர் ஒன்றும் இல்லை. உடல் அல்லது மனத்தின் குறைபாட்டால், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவுக்கோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்பதுதான் அதன் சாரம். அதாவது, பிள்ளையால் எது முடியவில்லை என்பதே கேள்வி.

அந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். என் அழகான கையெழுத்தில் எழுதியது இது: "நல்ல ஞாபகசக்தி உண்டு. நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா வரை எல்லா ரயில் நிலையங்களையும் வரிசையாகச் சொல்வார். தன் வேலைகளை ஓரளவு தானே செய்வார்." வாசித்த உத்தியோகத்தர் சிரித்தார். "கெட்டிக்காரப் பிள்ளைதானே ஐயா?" எனக்குப் பெருமை தாங்கவில்லை, "ஆமாம்" என்றேன். வட்டவளை, ரொசெல்ல, ஹட்டன், கொட்டகலை என்று வரிசை பிசகாமல் சொல்கிற அதே வாய்க்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க வராது என்பதை நான் எழுதவில்லை. பெற்ற பிள்ளையின் குறையை அந்நியர் முன்னால் சொல்லக் கூசியது. ஊரில் எல்லாத் தாய்மாரும் இதையேதான் செய்கிறார்கள். "வாய்தான் பேசாது, மற்றப்படி எல்லாம் விளங்கும் ஐயா" என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை படிவங்களைக் கவிழ்த்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகையால், படிவத்தை எடுக்குமுன் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, இரண்டு வாரம் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எங்கள் கொப்பியில் ஒரு பக்கம்: "செவ்வாய். இரவு 2.10க்கு எழும்பினான், மறுபடி தூங்கவில்லை. ஃபெக்டரிச் சங்கு ஊதியதும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான், வெளியே எடுக்க நாற்பது நிமிடம். காற்சட்டையிலேயே போய்விட்டான், இரண்டு தடவை. கதவு திறந்திருந்தது, ரோட்டு வளைவு வரை ஓடிவிட்டான், லொறிக்காரர் பிடித்து வந்து விட்டார்." இதிலிருந்து எடுத்து எழுதிய இரண்டாவது படிவத்தைப் பார்த்து உத்தியோகத்தர் சிரிக்கவில்லை.

வீடு பார்க்க வரும் நாளிலும் இதே புத்தி வேண்டும். அதிகாரி வருகிறார் என்றால் லயத்து வீட்டைக் கூட்டி மெழுகி, பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டையை மாட்டி, கத்தினால் மானம் போகும் என்று அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. தேநீர் கொடுங்கள், அது மரியாதை. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குப் போட்ட கயிற்றையும், அடுப்பைச் சுற்றி அடித்த தகரத்தையும் கழற்றிவைக்காதீர்கள்.

பெயர்ச் சிக்கல் மலையகத்துக்கே உரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ராஜலெட்சுமி, அடையாள அட்டையில் ராசலட்சுமி, கிளினிக் அட்டையில் சிங்களத்தில் வேறு ஏதோ ஒன்று. மூன்றையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். எழுத்து மாறியிருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் இன்னொரு நாள் பேர் போகும். சம்பளத் துண்டின் பிரதியும் சேரட்டும். பாதுகாவலர் என்ற இடத்தில் தாயின் பெயரையே எழுதச் சொல்வேன், வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே. சாராயத் தவறணை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

சிங்களத்தில் நிரப்பி வாருங்கள் என்று யாராவது சொன்னால் குரலை உயர்த்தாமல் மறுத்துவிடுங்கள். அம்பகமுவ உட்பட நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகள் 1999இலேயே வர்த்தமானி மூலம் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கொடுக்கும் எதையும் பிரதி இல்லாமல் கொடுக்காதீர்கள். என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வேறொரு பிரிவிலிருந்து வந்த ஒரு அம்மா பதினொரு மாதம் காத்திருந்த பிறகு, அப்படி ஒரு படிவமே வரவில்லை என்று கேள்விப்பட்டார். கையில் துண்டு ஒன்றும் இல்லை. முதலிலிருந்து தொடங்கினார்.

காத்திருப்போர் பட்டியல் நீளமானது. மாதம் ஒருமுறை போய் நிற்பதற்குப் பதிலாகத் தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு ஒரு கடிதம் போதும்: இன்ன திகதியில் கொடுத்த விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பட்டியலில் எத்தனையாவது இடம், நிராகரித்திருந்தால் என்ன காரணம்? தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் உங்களுக்குச் சொல்லியாகவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கவேண்டியதில்லை. முத்திரை வாங்கிய பிரதியின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தரும் துண்டைக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவையுங்கள். பசை இல்லாவிட்டால் சோற்றுப் பருக்கை போதும், நாங்கள் அப்படித்தான் ஒட்டினோம்.